99 கிலோ எடை, 780 மி.மீ சீட்... புதுச்சேரி வீதிகளில் அம்மா ஓட்டிப் பார்த்த ஃபசினோ!

புதுச்சேரியில் பஸ்ஸைவிட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இங்க வண்டி வாடகைக்கு எங்க கிடைக்கும்?" என்பதுதான். மிஷன் வீதிப் பக்கம் போனால் பதில் கிடைத்துவிடும். கடை வாசலில் ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்திவைத்திருப்பார்கள். அதில் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வாடிக்கையாளரே ஓட்டிப்போக முறையாக அனுமதி வாங்கிய வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளம். வெள்ளை பிளேட் என்றால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் அலைய வேண்டியிருக்கும்.

இந்த ஊருக்கும் சின்ன ஸ்கூட்டருக்கும் அப்படி என்ன பொருத்தம்? முதலில், மேடு பள்ளம் கிடையாது. இரண்டாவது, வீதிகள். பழைய நகரத்தின் மேப்பைப் பார்த்தால் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரியே இருக்கும். வடக்கே சர்தார் வல்லபபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இந்த நான்குக்கும் நடுவில் எல்லா வீதிகளும் நேர் நேராக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். இந்தக் கட்டங்களுக்குத் திட்டம் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். ஆனால், 1693-ல் ஊரைப் பிடித்து, சில வருடங்கள் மட்டும் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த வரைபடத்திலேயே இந்த நேர்க்கோடுகள் இருக்கின்றன. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சில வருடங்கள் கழித்து பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டியபோதும் அந்தக் கோடுகளை மாற்றவில்லை. அதனால், புதுச்சேரியில் வழி தவறினாலும் அடுத்த மூலையில் திரும்பிச் சரி செய்துகொள்ளலாம். புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் அமைவது கஷ்டம்.

கார் ஓட்டுகிறவர்கள் வேண்டுமானால் திட்டலாம். ஒரு பக்கம் பார்க்கிங், மறுபக்கம் போட்டோ எடுப்பவர்கள், நடுவில் ஒருவழிப் பாதை. நூறு வருடங்களுக்கு முன்னால் இதே வீதிகளில் 'புஷ் வண்டி' ஓடியது. முன்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் திசை திருப்பும் கம்பி இருக்கும். பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டே வருவார். அப்புறம் சைக்கிள் வந்தது, இப்போது ஸ்கூட்டர். வண்டிகள் மாறினாலும் வீதியின் அளவு மாறவில்லை.

பழைய முகம், புது வயிறு

ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் ஓரமாக ஒரு வளைவான ஸ்கூட்டரை நிறுத்திவிட்டால் போதும், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கக் கூட்டம் கூடிவிடும். வண்டி யாருடையது என்பதெல்லாம் அவர்களுக்கு முக்கியமில்லை. உருண்டையான உடம்பு, வெள்ளிக் கோடு, வெளிர் நிறம். இவை இருந்தால் 'ரெட்ரோ' லுக் வந்துவிடுகிறது.

இந்த வளைவுகளின் பூர்வீகம் இத்தாலி. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சேதமான பியாஜியோ ஆலையிலிருந்து 1946-ல் வந்தது வெஸ்பா. அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ அடிப்படையில் விமான, ஹெலிகாப்டர் இன்ஜினீயர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. உடையில் கிரீஸ் ஒட்டும், செயின் அழுக்கு படும், காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினார். இன்ஜினை மூடினார். முன்னால் காலுக்குத் தடுப்பு வைத்தார். நடுவில் சமதளமாகப் பலகை வைத்தார். பாவாடை கட்டியவரும் பேன்ட் போட்டவரும் ஒரே மாதிரி ஏறி உட்காரலாம். நம் ஊரில் சேலை கட்டிக்கொண்டு வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சமதளப் பலகைதான் உபகாரம். மற்றதெல்லாம் அலங்காரம் என்பது என் கட்சி.

இந்தியாவில் லாம்பிரெட்டா, பஜாஜ் சேத்தக் காலமெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புக் செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கதைகள் அவை. கியரை மணிக்கட்டால் திருக வேண்டும், கிக்கரை உதைக்க வேண்டும், ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்த வேண்டும். அதனால், அது பெரும்பாலும் அப்பாக்களின் வண்டியாகவே இருந்தது. 80-களில் கைனெடிக் ஹோண்டா கியர் இல்லாமல், பட்டன் ஸ்டார்ட்டோடு வந்தது. 90-களில் ஓசூரிலிருந்து ஸ்கூட்டி வந்தது. வீட்டுப் பெண்கள் கைக்குச் சாவி வந்த கதை அங்கிருந்துதான் வேகம் எடுக்கிறது.

நான் இரண்டு நாள் கூடவே இருந்த வண்டி யமஹா ஃபசினோ 125 ஹைபிரிட். ஃபசினோ முதன்முதலில் 2015-ல் வந்தபோது 113 சிசி. யமஹாவின் வல்லம் வடகால் ஆலை தொடங்கியதும் அதே வருடம்தான். 2019 கடைசியில் 125 சிசியாக அறிவித்தார்கள். 2021-ல் ஹைபிரிட் சேர்ந்தது. வெஸ்பாவின் உடம்பு இரும்புத் தகடு. ஃபசினோவின் வளைவுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். பழைய ஸ்கூட்டர் பிரியர்கள் இதைச் சொல்லி உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். வண்டியின் எடை 99 கிலோவில் நிற்பதற்கு அந்த பிளாஸ்டிக்கும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் இப்போதைக்கு முக்கியமான எண் அந்த 99-தான்.

அம்மாவும் இன்ச் டேப்பும்

எங்களுக்குச் சொந்த ஊர் திண்டிவனம். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். லைனிங் துணி, நூல், ஹூக், ஃபால்ஸ் என்று வாரத்தில் மூன்று நாளாவது கடைத்தெருவுக்குப் போக வேண்டும். இருபத்தாறு வருடங்களாக அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துதான் போனார். அப்பாவுக்குச் சர்க்கரை. போன வருடம் விழித்திரையில் பாதிப்பு என்று லேசர் வைத்தார்கள். "இனிமே வண்டி ஓட்டாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வேலை பார்ப்பது சென்னையில். ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு ஆகிற செலவைக் கணக்குப் போட்டால் இரண்டு பிளவுஸ் தைத்த கூலி போய்விடும். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் ஆள் வேண்டும்.

"நானே ஓட்டறேன்" என்றார் அம்மா. வயது 52. உயரம் நாலடி பதினோரு அங்குலம். டிரைவிங் ஸ்கூலில் இரண்டு வாரம் மைதானத்தில் சுற்றினார், எல்.எல்.ஆர் வாங்கினார். ஆனால், ரோட்டில் ஓட்டியதில்லை. எந்த வண்டி வாங்குவது என்பதிலும் குழப்பம். இந்த நேரத்தில் முத்தியால்பேட்டையில் இருக்கும் பெரியம்மா பெண், "சித்தி, என் ஃபசினோ சும்மாதான் நிக்குது. சனி, ஞாயிறு வந்து ஓட்டிப் பாருங்க" என்று கூப்பிட்டாள். அதுதான் இந்தப் பயணம். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைப் பார்த்ததும் அம்மா சாவியைக் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். தரையிலிருந்து சீட் வரைக்கும் அளந்தார். 30 முக்கால் இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு. கம்பெனி சொல்லும் கணக்கு 780 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுதான்.

"நம்ம உசரத்துக்கு இது கொஞ்சம் தூக்கல்டி" என்றார்.

அவர் சொன்னது சரி. டிவிஎஸ் ஸெஸ்ட்டில் சீட் உயரம் 760 மி.மீ. ஜூபிடர் 125-ல் 765. "இருபது மில்லிமீட்டர்தானே சித்தி, முக்கால் இன்ச்" என்று அக்கா சமாதானம் சொன்னாள். அம்மா விடவில்லை. "முக்கால் இன்ச் சின்ன விஷயமா? பிளவுஸ்ல முக்கால் இன்ச் தப்பினா கையே நுழையாது!"

சீட் உயரம் என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் முடியாது. சீட் அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, கால் தரைக்கு இன்னும் தள்ளிப்போகும். முன்பக்கம் ஒடுங்கியிருந்தால் அதே உயரத்தில் கால் சுலபமாகத் தரையைத் தொடும். நாம் உட்கார்ந்ததும் ஃபோம் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் கணக்கில் வரும். ஷோரூமில் நின்றுகொண்டு பிரவுசரைப் படிப்பதால் இது தெரியாது. நீங்கள் அன்றாடம் போடும் செருப்போடு உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தபோது இரண்டு காலிலும் முன்பாதம் ஊன்றியது, குதிகால் ஊன்றவில்லை. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் அந்தப் பக்கப் பாதம் முழுதாக ஊன்றியது.

எடை விஷயத்தில் கதையே வேறு. ஜூபிடர் 125 சுமார் 108 கிலோ. அதற்கும் ஃபசினோவுக்கும் ஒன்பது கிலோ வித்தியாசம். ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது. வாசல் சரிவில் ஏற்றும்போது, நெருக்கமான பார்க்கிங்கிலிருந்து பின்னால் இழுக்கும்போது, வண்டி ஒரு பக்கம் சாயும்போது பிடித்து நிமிர்த்தும்போதுதான் தெரியும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குப் பயம் ஓட்டுவதில் இல்லை. நின்ற இடத்தில் சாய்ந்துவிடுமோ என்பதில்தான். அம்மா சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பார்த்தார். முதல் தடவை கையால் இழுத்தார், வரவில்லை. "இழுக்காதீங்க சித்தி, ஸ்டாண்ட் மேல ஏறி நில்லுங்க" என்றாள் அக்கா. உடம்பு எடை முழுவதையும் வலது காலில் கொடுத்து மிதித்ததும் வண்டி தானாக ஏறி உட்கார்ந்தது. அம்மா அதையே நான்கு முறை செய்தார். தெருவில் போன ஒரு தாத்தா, "வண்டிய ஓட்டப் போறீங்களா, இல்ல நிறுத்தத்தான் கத்துக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காலை ஆறரை மணி ஒயிட் டவுன்

ஞாயிறு காலை. முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஸ்டிக்கர். எல்.எல்.ஆர் வைத்திருப்பவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ளவர் கூட இருக்க வேண்டும் என்பது விதி. அதனால், பின்சீட்டில் நான். இரண்டு பேருக்கும் ஹெல்மெட்.

பட்டனை அழுத்தினார். "ஸ்டார்ட் ஆகலையே?" என்றார். ஆகியிருந்தது. மற்ற ஸ்கூட்டர்களில் செல்ஃப் அடித்தால் ஒரு 'கிர்ர்' சத்தம் வருமே, அது இதில் இல்லை. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லாமல், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டரே ஸ்டார்ட்டராகவும் வேலை செய்கிறது. அதே பாகம்தான் 'ஹைபிரிட்' வேலையையும் பார்க்கிறது. நின்ற இடத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் முதல் இரண்டு, மூன்று விநாடிகளுக்கு இன்ஜினோடு சேர்ந்து ஒரு தள்ளு தள்ளும். அவ்வளவுதான். ஹைபிரிட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மாதிரி பேட்டரியிலேயே ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் இல்லாமல் இது ஓர் அடிகூட நகராது.

125 சிசி, 8.2 பிஎஸ் பவர், 10.3 நியூட்டன் மீட்டர் டார்க். ஹைவேயில் பறக்க நினைப்பவர்களுக்கு இது சின்னக் கணக்கு. சுஃப்ரேன் வீதியில் மணிக்கு இருபது கிலோமீட்டரில் போகும் 52 வயதுக்காரருக்கு இதில் பாதி போதும். ஆனால், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு கிளம்பும் முதல் பத்தடி இருக்கிறதே, அங்கேதான் கற்றுக்கொள்பவர்கள் தள்ளாடுவார்கள். ஆக்ஸிலரேட்டரைப் பயந்து பயந்து கொடுத்தால் வண்டி நகராமல் சாயும், பயத்தில் அதிகம் கொடுத்தால் பாயும். முதல் தள்ளு மோட்டாரிலிருந்தும் கொஞ்சம் வருவதால் மெதுவாகத் திருகினாலே வண்டி நகர்ந்தது. மூன்றாவது மூலையில் திரும்பும்போது அம்மா காலைத் தரையில் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

கடற்கரைச் சாலைக்குள் போகவில்லை. சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அது நல்லதாகவே போயிற்று. ரோமென் ரோலன் வீதி, துய்மா வீதி என்று உள்ளுக்குள்ளேயே சுற்றினோம். போகன்வில்லா பூக்கள் சுவரைத் தாண்டித் தொங்குகின்றன. நீல நிறப் பலகைகளில் தமிழிலும் பிரெஞ்சிலும் வீதிப் பெயர்கள். ஒவ்வொரு மூலையிலும் அம்மா நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அப்புறம்தான் திரும்பினார். பாரதி பூங்காவைச் சுற்றி மட்டும் மூன்று ரவுண்டு. ஆயி மண்டபம் மரங்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்தது. "இறங்கிப் பாக்கலாமா?" என்று கேட்டேன். "நீ வேணா பாரு, நான் இன்னொரு சுத்து சுத்தறேன்" என்றார். விதி விதிதான். நான் இறங்கவில்லை.

கடலை ஒட்டிய வீதிகளில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ரோட்டோரமாகக் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். மணல்மேல் வண்டியைச் சாய்த்துத் திருப்பிக்கொண்டே முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் நேராகப் போய்விடுவதுதான் வழி. ஃபசினோவில் இடது பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரத்தோடு முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். யமஹா இதை யூபிஎஸ் என்கிறது. பொதுப்பெயர் காம்பி பிரேக். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான எல்லா வண்டிகளுக்கும் இது கட்டாயம். பயத்தில் இடது கையை மட்டும் இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு, அதாவது கற்றுக்கொள்கிற எல்லோருக்கும், இது பெரிய உதவி. முன் பிரேக்கில் டிரம், டிஸ்க் என்று இரண்டு வகை உண்டு. பட்ஜெட் இடம் கொடுத்தால் டிஸ்க் வாங்குங்கள் என்பேன்.

முன் சக்கரம் 12 இன்ச், பின்னால் 10. முன்னால் டெலஸ்கோப்பிக் சஸ்பென்ஷன் இருப்பதால் ஒயிட் டவுனுக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவில் ஓடும் பெரிய வாய்க்காலைக் கடக்கும் இடத்து மேடு, வேகத்தடை எல்லாம் ஓட்டுகிறவரின் கைக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. பின்சீட்டில் இருந்த எனக்குத் தெரிந்தது. பத்து இன்ச் சக்கரம் பள்ளத்தில் முழுசாக இறங்கித்தான் ஏறுகிறது.

மார்க்கெட் பாடம்

எட்டு மணிக்கு அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "மார்க்கெட்டுக்குப் போலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி முழுக்கச் சண்டே மார்க்கெட். துணிக்கடைகள் ரோட்டிலேயே விரிந்துவிடும். உள்ளே போனால் வெளியே வர முடியாது என்பதால் அக்கம்பக்க வீதிகளில் சுற்றி, நேரு வீதிப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு பெரிய மார்க்கெட்டுக்குள் நடந்தோம்.

போகும் வழியில் அண்ணா சாலை சிக்னல். சிவப்பு விழுந்து சில விநாடிகளில் இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது. அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏ பாப்பா, நின்னுபோச்சு, பின்னாடி பஸ்ஸு நிக்குது!" நிற்க வேண்டும் என்பதற்காகவே வைத்திருக்கும் வசதி அது. இன்ஜின் சூடான பிறகு சிக்னலில் நின்றால் தானே ஆஃப் ஆகும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் சத்தமில்லாமல் உயிர் வரும். பெட்ரோல் மிச்சம். பச்சை விழுந்ததும் அப்படித்தான் கிளம்பியது. ஆனாலும், புதிதாக ஓட்டுகிறவருக்கு சிக்னலில் வண்டி அமைதியானால் ஈரக்குலை நடுங்கும். இதை அணைத்துவைக்க சுவிட்ச் இருக்கிறது. முதல் மாதம் அணைத்தே வைத்திருக்கலாம். அம்மா அடுத்த சிக்னலுக்கு முன்பே அணைத்துவிட்டார்.

சைடு ஸ்டாண்டை எடுக்காவிட்டால் இன்ஜின் ஓடாது என்பது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அப்பா மொபெட்டில் ஸ்டாண்டைத் தட்டாமல் கிளம்பி, பின்னால் இருந்து இவர் கத்திய நாள்கள் எத்தனையோ.

சீட்டுக்குக் கீழே 21 லிட்டர் இடம். இது நடுத்தரம்தான். ஜூபிடர் 125-ல் 33 லிட்டர். மார்க்கெட்டில் அம்மா வாங்கிய முருங்கைக்கீரை, கத்திரிக்காய், ஒரு கிலோ சின்ன வெங்காயம் உள்ளே போயின. முன்னால் இருந்த கொக்கியில் மீன் பை. லைனிங் துணி பத்து மீட்டர், நூல் பெட்டி எல்லாம் இதற்குள் அடங்குமா என்று மடித்துக் காட்டும்படி கேட்டார். துணி இல்லாததால் என் துப்பட்டாவை மடித்துக் காட்டினேன். "அடங்கும். ஆனா, ஹெல்மெட்டுக்கு இடம் இருக்காது" என்று தீர்ப்பு சொன்னார்.

பெட்ரோல் பங்க்கில் இன்னொரு விஷயம். டேங்க் மூடி சீட்டுக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இறங்கி, சீட்டைத் தூக்க வேண்டும். மூடியை வெளியே வைக்கும் ஸ்கூட்டர்கள் பல வந்துவிட்ட காலத்தில் இது குறைதான். சேலையோடு, பின்னால் ஆளோடு, சீட்டில் பையோடு வருபவர்களை யோசித்திருக்கலாம். டேங்க் கொள்ளளவு 5.2 லிட்டர். டவுனுக்குள் லிட்டருக்கு ஐம்பது கிடைப்பதாக அக்கா சொல்கிறாள். அந்தக் கணக்கில் ஃபுல் டேங்க்குக்கு 260 கிலோமீட்டர். அம்மாவின் வாராந்தரச் சுற்றுக்கு ஒரு மாதம் தாராளமாக வரும். தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால் நம் ஆட்கள் புதுச்சேரி வந்தாலே டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவார்கள். இந்த டேங்க்கில் அந்தச் சாமர்த்தியம் அதிகம் பலிக்காது. மிச்சப்படும் காசுக்கு இரண்டு டீ குடிக்கலாம்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இருந்த ஊர் இது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. அந்த வீதி வழியாகத்தான் திரும்பினோம். வெயில் ஏறியிருந்தது. வீட்டின் முன் ஒரு நிமிடம் நிறுத்தினார் அம்மா. நான் போட்டோ எடுக்கப் போனபோது, "என்னை எடு, வண்டியோட" என்றார். அந்த போட்டோதான் இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் முகப்புப் படம்.

உப்புக்காற்றும் க்ரோம் கோடும்

அக்கா கடற்கரை ஊர்க்காரி என்பதால் இன்னொரு விஷயமும் சொன்னாள். ரெட்ரோ வண்டிகளின் அழகே வெள்ளி மாதிரி மின்னும் பாகங்களில்தான் இருக்கிறது. உப்புக்காற்று முதலில் கை வைப்பதும் ஸ்க்ரூ, நட், ஸ்டாண்ட், சைலன்ஸர் மாதிரி இரும்பு இடங்களில்தான். ஞாயிறுதோறும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறாள். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் குழாயில் கழுவினால் கழுவாமல் இருப்பதே மேல். பீச் பக்கம் மாலை முழுவதும் நிறுத்திவைத்தால், அன்று இரவே ஒரு துடைப்பு. பெட்டிபோல இருக்கும் சாதாரண ஸ்கூட்டருக்கும் இது பொருந்தும் என்றாலும், ஆசைப்பட்டு அழகுக்காகக் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு வலி அதிகம்.

விலை? வேரியன்ட், ஊர், இன்ஷூரன்ஸைப் பொறுத்து மாறினாலும் ரோட்டுக்கு வரும்போது ஒரு லட்சம் ரூபாயைச் சுற்றித்தான் நிற்கிறது. 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது கொஞ்சம் ஆறுதல்.

யாருக்கு இந்த வண்டி சரி வரும்? டவுனுக்குள் தினமும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுபவர்கள், கனமான வண்டியைக் கண்டு பயப்படுபவர்கள், அழகும் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். நிறையச் சாமான் ஏற்றுபவர்களுக்கும், இரண்டு ஹெல்மெட்டை உள்ளே வைத்துப் பூட்ட நினைப்பவர்களுக்கும் இடம் போதாது. ஐந்தடிக்குக் குறைவான உயரம் என்றால் உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சீட் கவர் தைக்கும் கடைகளில் ஃபோமைச் சீவி ஓர் இன்ச் வரை குறைத்துத் தருகிறார்கள். குறைத்தால் உட்காரும் சுகமும் குறையும், அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை திண்டிவனத்தில் அம்மா இரண்டு ஷோரூம்களுக்குப் போனார். அப்பாவும் கூடவே போயிருக்கிறார், ஆட்டோவில். இரண்டு இடத்திலும் அம்மா இன்ச் டேப்பை எடுத்ததாகவும், சேல்ஸ் தம்பி ஒருவர் முனையைப் பிடித்துக்கொண்டதாகவும் போனில் அப்பா சொன்னார். 760-ல் உட்கார்ந்தபோது குதிகால் ஊன்றியதாம், ஆனால் தள்ளிப் பார்த்தபோது ஃபசினோதான் லேசாக இருந்ததாம். அம்மா இன்னும் புக் செய்யவில்லை. எல்.எல்.ஆர் எடுத்து முப்பது நாள் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அதற்குப் பழக ஃபசினோவை ஒரு வாரத்துக்குத் திண்டிவனம் கொண்டுவர முடியுமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். "வர்றப்ப அந்த சீட் கவர் கடை நம்பரையும் கேட்டு வாங்கிக்க" என்று எனக்கு நேற்று ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது.